இடவப்பாதி மழையில் ஒரு லேப்டாப்

தென்னை மட்டை ஒன்று மின்கம்பியில் விழுந்தால் போதும், கன்னியாகுமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணத்தில் ஒரு தெருவே கறண்டில்லாமல் கிடக்கும். முன்பு இது யாருக்கும் பெரிய காரியமாக இருந்ததில்லை. திண்ணைக்கு வந்து நாலு வார்த்தை பேசிக்கொண்டிருப்பார்கள்; லைன்மேன் வந்து மட்டையைத் தட்டிவிட்டதும் எழுந்து உள்ளே போவார்கள். இப்போது மாடி அறையில் ஒருவர் லேப்டாப்பைத் திறந்துவைத்து, நேரில் பார்த்தேயிராத மேலாளரோடு பேசிக்கொண்டிருக்கிறார். பேச்சு பாதியில் அறுகிறது. போனிலிருந்து டேட்டா எடுக்கலாமென்றால் சிக்னல் மாடியின் ஒரு மூலையில்தான் கிடைக்கிறது. கீழேயிருந்து உம்மா கேட்கிறாள்: "மக்களே, வந்துதா?"

எங்கிருந்து வேண்டுமானாலும் செய்யலாம் என்கிற வேலை கையில் இருக்கும்போது எந்த ஊரில் இருப்பது? நம் பாட்டனார் காலத்தில் இப்படி ஒரு கேள்விக்கே இடமில்லை. வேலை எங்கேயோ அங்கே குடும்பம், அல்லது வேலை அங்கே, குடும்பம் இங்கே. இன்று சென்னையிலும் பெங்களூரிலும் வாடகை கொடுத்துச் சலித்தவர்கள் பலர் "பேசாமல் ஊருக்கே போய்விடலாமா" என்று யோசிக்கிறார்கள். போனில் கடற்கரைப் படம் பார்த்துவிட்டு யோசிப்பவர்களும் உண்டு. குழித்துறையாறு கடலில் சேரும் தேங்காய்ப்பட்டணத்துப் பொழிமுகத்தில் நின்று இந்தக் கேள்வியைக் கேட்டால், படத்தில் இல்லாத பலதும் தெரிகிறது.

ஆளை அனுப்பிப் பழகிய கரை

வீடு ஓரிடம், பிழைப்பு வேறிடம் என்பது இந்தக் கரைக்குப் புதிதில்லை. ஆற்றுக்கு மேற்கே இரையுமன்துறையில் தொடங்கி பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என்று கேரள எல்லை வரைக்கும் வரிசையாக மீனவ ஊர்கள். ஆழ்கடலில் தூண்டில் போட்டுச் சுறா பிடிப்பதில் இந்த ஊர்க்காரர்களுக்கு நாடறிந்த பெயர் உண்டு. அவர்களுடைய படகுகள் பெரும்பாலும் கொச்சி தோப்பும்படித் துறைமுகத்தில் நிற்கும். ஒருமுறை போனால் வாரக்கணக்கில் அரபிக்கடலில்தான் வாழ்க்கை. வீடும் கோவிலும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் இங்கே. 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் வந்தபோது இந்த ஊர்களில் அத்தனை உயிர்கள் போனதற்குக் காரணம் இதுதான். கரையில் புயல் அடித்த நேரத்தில் ஆட்கள் எட்டாத தூரத்தில் கடலில் இருந்தார்கள்.

ஆற்றுக்குக் கிழக்கே, தேங்காய்ப்பட்டணத்தின் கதை வளைகுடாவோடு பிணைந்தது. எழுபதுகளுக்குப் பிறகு இந்த மாவட்டத்திலிருந்து அரபு நாடுகளுக்குப் போன ஆண்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து, வீட்டுக்கு ஒரு மாடி எழுப்பி, பிள்ளையின் முகம் பழகுவதற்குள் திரும்பிப் போனார்கள். இந்தப் பக்கத்துப் பெரிய வீடுகள் பலவற்றில் குடியிருப்பது ஒரு வயதான தாயும் ஒரு டிவியும்தான். அந்த வீட்டைக் கட்டியவர் அதில் வாழ்ந்த நாட்களை எண்ணினால் சில மாதங்கள்கூடத் தேறாது.

இந்த ஊரின் பெயரைத் தமிழ்நாடு முழுக்கத் தெரிய வைத்தவரும் ஊரைவிட்டுப் போனவர்தான். தோப்பில் முஹம்மது மீரான் 1944-இல் இங்கே பிறந்தார். பிழைப்புக்காகத் திருநெல்வேலிக்குப் போய் மிளகாய் வத்தல் வியாபாரம் செய்தார். அங்கே இருந்துகொண்டுதான் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' எழுதினார்; 1988-இல் அது நூலாக வந்தது. 'சாய்வு நாற்காலி' நாவலுக்கு 1997-இல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. 2019 மே மாதம் மறைகிற வரைக்கும் நெல்லையில்தான் வாழ்ந்தார். நெல்லைக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் இடையில் சில மணி நேரப் பயணம்தான். ஆனாலும் வியாபாரத்தை ஊருக்குக் கொண்டுவர அவருக்கு வழியில்லை; ஊரை எழுத்துக்குள் கொண்டுபோனார்.

படிப்பும் இங்கே ஊரைவிட்டுப் போவதற்கான ஏணியாகத்தான் இருந்து வந்திருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு, மாநிலத்திலேயே முதலிடம். பக்கத்துத் திருவனந்தபுரத்தில் 1990-இல் தொடங்கிய டெக்னோபார்க், இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா. சுமார் 45 கிலோமீட்டரில் இருக்கும் அந்த நகரத்தை 1956 நவம்பர் 1 அன்று இழுத்த மாநில எல்லை பிரித்துவிட்டது என்றாலும், வேலைக்குப் போகிற பிள்ளைகளை அந்த எல்லை தடுக்கவில்லை. ஆளை அனுப்புவது, பணத்தை வரவழைப்பது என்று மூன்று தலைமுறையாக ஓடிய ஓட்டத்தில், வேலையையே வீட்டுக்கு வரவழைக்க முடிகிற முதல் தலைமுறை இப்போது வந்திருக்கிறது. அதனால்தான் இந்தக் கேள்வியை இவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்கிறேன்.

கம்பெனி தந்த சலுகையா, கையெழுத்தான உரிமையா?

2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது நகரங்களிலிருந்து வந்தவர்கள், சில வாரங்களில் திரும்பிவிடலாம் என்றுதான் ஒரு பையோடு வந்தார்கள். அந்த வருடம் நவம்பரில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை, பிற நிறுவனங்களுக்குச் சேவை செய்யும் கம்பெனிகளுக்கான பதிவு விதிகளைத் தளர்த்தியது. வீட்டிலிருந்தும், வேறெங்கிருந்தும் வேலை செய்வதற்கு அதுவரை இருந்த சட்டச் சிக்கல்கள் பெருமளவு நீங்கின. பலரும் இது நிரந்தரம் என்று நம்பிவிட்டார்கள்.

நிரந்தரமாக இருக்கவில்லை. டிசிஎஸ் 2023 அக்டோபரிலிருந்து வாரம் ஐந்து நாளும் அலுவலகத்துக்கு வரச் சொன்னது. வேறு கம்பெனிகளும் மூன்று நாள், நான்கு நாள் என்று அழைத்தன. ஊரில் வீட்டுக் கடன் வாங்கி, பிள்ளையை இங்கே பள்ளியில் சேர்த்தவர்களுக்கு அந்த மின்னஞ்சல் பேரிடியாக இறங்கியது. எனவே முதலில் பார்க்க வேண்டியது ஊரை இல்லை, வேலை உத்தரவை. வீட்டிலிருந்து வேலை என்பது அதில் எழுத்தில் இருக்கிறதா, அல்லது மேலாளரின் நல்ல மனதை நம்பி நிற்கிறதா? மேலாளர் மாறினால் ஊரும் மாற வேண்டிவரும்.

நிறுவனமே கிராமத்துக்கு வந்த கதையும் நம்மிடம் உண்டு. ஸோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு 2019-இல் தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறைக்குக் குடிவந்தார். அதற்கு முன்பே அந்த ஊரில் ஸோஹோவின் அலுவலகம் இயங்கிக்கொண்டிருந்தது. அங்கே வேலை பார்ப்பவருக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு சக ஊழியர் இருக்கிறார், கறண்டு போனால் ஜெனரேட்டர் இருக்கிறது. தேங்காய்ப்பட்டணத்து மாடி அறையில் இருப்பவர் தனி ஆள். அவருடைய அலுவலகத்தின் லைன்மேனும் காவலாளியும் தேநீர்க் கடையும் அவரேதான். இந்த இரண்டையும் ஒன்றாக்கி "கிராமத்திலிருந்து வேலை" என்று பேசுவது சரியில்லை.

கடிகாரம் எந்த ஊர்க் கடிகாரம்?

ஊரைப் பற்றி யோசிப்பவர்கள் நேரத்தைப் பற்றி யோசிப்பதில்லை. என்னைக் கேட்டால், இணைய வேகத்தைவிட இதுதான் பெரிய விஷயம்.

நியூயார்க்கில் காலை ஒன்பது மணி என்றால் கோடையில் இங்கே மாலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. அங்கே ஐந்து மணிக்கு அலுவலகம் முடியும்போது இங்கே நள்ளிரவு தாண்டி இரண்டரை அல்லது மூன்றரை. அமெரிக்க நேரத்துக்கு வேலை செய்பவர் மஃரிப் பாங்கு கேட்கிற நேரத்தில் லேப்டாப்பைத் திறக்கிறார். எல்லாவற்றையும் மூடிவைத்துப் படுத்து, கண் அசருகிற நேரத்தில் சுபுஹு பாங்கு. விடியற்காலையில் மீன் ஏலம் போவதை அவர் பார்ப்பதில்லை. காலை பத்து மணிக்கு வாசலில் மீன்காரி சாளையும் நெத்தோலியும் கொண்டுவந்து குரல் கொடுக்கும்போது ஜன்னலை மூடிக்கொண்டு தூங்குகிறார். சாயங்காலம் ஊர் ஆட்கள் கடற்கரைப் பக்கம் காற்று வாங்க நடக்கும்போது அவருக்கு வேலை தொடங்குகிறது. சாப்பாடு உம்மாவின் சாப்பாடு, காற்று அரபிக்கடல் காற்று. ஆனால் ஊரோடு ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல அவர் விழித்திருப்பதில்லை. இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்கிற ஏக்கம் ஒரு வருடத்தில் தலைகாட்டும். உடம்பும் பாழாகும்.

லண்டன் நேரம் கொஞ்சம் தேவலை. கோடையில் பகல் ஒன்றரைக்குத் தொடங்கினால் இரவு ஒன்பதரைக்கு முடியும். காலைப்பொழுது முழுவதும் நம் கையில். துபாய்க்கும் நமக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். அங்கே காலை ஒன்பது என்றால் இங்கே பத்தரை. பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பி, வாப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வந்தும் உட்காரலாம். தகப்பன் தலைமுறை கப்பலிலும் விமானத்திலும் ஏறிப் போன அதே ஊருக்கு மகன் இங்கிருந்தே கணக்கு எழுதலாம், கட்டட வரைபடம் போடலாம். வளைகுடாவோடு இந்த ஊருக்கு இருக்கிற பழைய உறவு இப்படி ஒரு புது உபயோகத்துக்கு வருமென்றால் அதைப்போல நல்ல செய்தி வேறில்லை.

திரும்பி வருகிறவர்கள், போகவே முடியாதவர்கள்

வீட்டிலிருந்து வேலை என்றதும் நகரத்திலிருந்து திரும்பும் ஆண் பிள்ளையைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகத் தெரிவது, இங்கிருந்து போகவே முடியாமல் இருந்த பெண் பிள்ளைகள்.

மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' நாவலில் ஊருக்குள் ஆங்கிலப் பள்ளிக்கூடம் வருவதை எதிர்த்து நிற்கிறார்கள். அந்தக் கதை நடக்கும் காலத்திலிருந்து இந்தக் கரை எவ்வளவோ தூரம் வந்துவிட்டது. இன்று பெண்கள் பொறியியலும் கணினியும் கணக்கும் படிக்கிறார்கள். படித்து முடித்த பிறகு என்ன? சென்னையில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்க அனுப்பும் வீடுகள் கொஞ்சம்தான். அனுப்பினாலும் கல்யாணத்தோடு அந்த வேலை முடிந்துபோகும். மாப்பிள்ளை கல்ஃபில் இருந்தால் மாமியாருக்குத் துணையாக வீட்டில் இருக்க வேண்டும். சட்டகம் போட்டுச் சுவரில் மாட்டிய பட்டங்கள் இந்த மாவட்டத்தில் எத்தனை வீடுகளில் இருக்கின்றன என்று யாரும் கணக்கெடுத்ததில்லை. எடுத்தால் வெட்கப்படுவோம்.

இவர்களுக்கு வீட்டிலிருந்து வேலை என்பது வசதி இல்லை, வாசல். ஆனால் வீட்டிலேயே இருப்பதால் "சும்மா தானே இருக்கா" என்கிற எண்ணம் வீட்டாருக்கு வந்துவிடுகிறது. அடுப்பில் மீன்கறி கொதிக்கும்; காதில் ஹெட்போனில் கூட்டம் நடக்கும்; மடியில் குழந்தை அழும். ஆண் வேலை பார்க்கும்போது அறைக் கதவைச் சாத்தி "சத்தம் போடாதீங்க" என்கிறோம். பெண் வேலை பார்க்கும்போது அந்தக் கதவு திறந்தே கிடக்கிறது. ஊரைத் தேர்ந்தெடுப்பது பற்றிப் பேசுகிற நாம் வீட்டுக்குள் ஓர் அறையைப் பற்றியும் பேசியாக வேண்டும். தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை, கேட்காமல் யாரும் திறக்காத எட்டு மணி நேரம். மருமகளுக்கு இதைக் கொடுக்க மனமுள்ள வீடு எது என்பது இணைய வேகத்தைவிட முன்னால் கேட்க வேண்டிய கேள்வி.

கடல் பக்கத்து வீடு

இனி கடல். டிசம்பரிலும் ஜனவரியிலும் வந்து பார்ப்பவர்களுக்கு இதைவிட அழகான இடம் கிடையாது. ஆற்றங்கரை முழுக்கத் தென்னை, ஆறும் கடலும் சேரும் இடத்தில் இரண்டு நிறத் தண்ணீர். அந்த அழகில் மயங்கி மூன்று சென்ட் வாங்கிப் போட நினைப்பவர்கள் சில சொற்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்று, கள்ளக்கடல். காற்றும் மழையும் இல்லாத வெயில் நாளில் கடல் திடீரென்று எழும்பிக் கரைக்குள் புகும். எங்கோ தெற்குப் பெருங்கடலில் அடித்த புயலின் அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து வருவதால், கரையில் நிற்பவருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. திருடனைப் போல வருவதால் அந்தப் பெயர். 2024 மே மாதம் குமரிக் கரையில் இப்படி வந்த அலைகள் மருத்துவ மாணவர்கள் உட்படப் பல உயிர்களைக் கொண்டுபோயின. ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் இப்போது முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்கிறது. கரையோரம் வீடு பார்ப்பவர் அந்த எச்சரிக்கையைப் படிக்கப் பழக வேண்டும்.

இன்னொன்று, தூண்டில் வளைவு. கரையைக் கடல் அரிக்காமலிருக்கக் கடலுக்குள் வளைவாகக் கல் போட்டு நீட்டிய சுவர். ஒரு ஊருக்குப் போட்டால் அடுத்த ஊரின் மணலைக் கடல் எடுக்கும். உடனே அவர்களும் கேட்பார்கள். இந்தக் கரையில் தேர்தல் தோறும் ஒலிக்கும் கோரிக்கை இதுதான். தேங்காய்ப்பட்டணம் மீன்பிடித் துறைமுகத்தின் நுழைவாயிலில் மணல் மேடிட்டு, உள்ளே வரும் படகுகள் அலையில் புரண்டு மீனவர்கள் இறந்திருக்கிறார்கள். துறைமுகம் கட்டியது அவர்களுக்காக. அதன் வாசலிலேயே அவர்கள் சாவதை இந்த மாவட்டம் எத்தனை மறியல்களில் சொல்லியிருக்கிறது!

குடிதண்ணீரும் அப்படியே. கோடையில் ஆற்றில் வரத்து குறைந்தால் கடல்நீர் உள்ளே ஏறும். பரக்காணியில் தடுப்பணை கட்டியதே அதற்காகத்தான். ஆற்றங்கரை வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை மே மாதம் ஒரு வாய் குடித்துப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். உப்புக் காற்று லேப்டாப்பையும் விடாது. சார்ஜர் முனை பச்சை பூக்கும், மின்விசிறியின் இரும்பு துருப்பிடித்து உதிரும்.

கடலை விட்டுச் சாலைக்கு வந்தால், கல் ஏற்றிக்கொண்டு கேரளத்துக்குப் போகும் டிப்பர் லாரிகள். இந்த மாவட்டத்து மலைகளை உடைத்துக் கொண்டுபோவதை எதிர்த்து மக்கள் போராடிக்கொண்டே இருக்கிறார்கள். அந்த லாரிகளுக்கு நடுவில்தான் உங்கள் பிள்ளை சைக்கிளில் பள்ளிக்கூடம் போக வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகும் ஊருக்கு வருவதற்கு வலுவான காரணம் ஒன்று இருக்கிறது: வயதான தாய் தகப்பன். இரவு இரண்டு மணிக்கு வாப்பாவுக்கு நெஞ்சு வலித்தால், நெய்யூரில் 1838 முதல் இயங்கும் மிஷன் ஆஸ்பத்திரி இருக்கிறது, ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, திருவனந்தபுரத்துக்கும் கொண்டுபோகலாம். காரை எடுக்க வீட்டில் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளாக இருப்பதற்காக வந்தவர்கள் மற்றக் குறைகளையெல்லாம் பொறுத்துக்கொள்கிறார்கள். கடற்கரைக்காக வந்தவர்கள் இரண்டாவது மழைக்காலத்தில் திரும்பிவிடுகிறார்கள். நான் பார்த்த வரையில் இதில் மாற்றமில்லை.

வருகிறவர்கள் யாருடைய இடத்தில்?

போர்ச்சுகலின் மதெய்ரா தீவில் போன்டா டோ சோல் என்ற சின்னக் கடற்கரை ஊர் 2021 பிப்ரவரியில் லேப்டாப் வேலைக்காரர்களை அழைத்தது. உலகத்தின் பல மூலையிலிருந்தும் வந்தார்கள். வாடகை ஏறி, உள்ளூர்ச் சம்பளத்தில் வாழ்கிறவர்கள் வீடு கிடைக்காமல் தவிப்பதாகப் புகார்களும் பின்னாலேயே வந்தன. சிக்கிமின் யாக்டென் கிராமமும் 2025-இல் இதே போன்ற அழைப்பை விடுத்திருக்கிறது. மலைக் கிராமத்து வீடுகளில் தங்குவோருக்கு அங்கே இடமிருக்கலாம். குமரியில் இடம் எங்கே? 2011-இலேயே இந்த மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்த நெருக்கம். கரையோர மீனவ ஊர்களில் ஒரு வீட்டுச் சுவரும் அடுத்த வீட்டுச் சுவரும் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. வெளியூர்ச் சம்பளத்தோடு வருபவர் கடலோரத்தில் ஒரு வீட்டை விடுமுறைக்காக வாங்கிப் பூட்டிவைத்தால், படகு நிறுத்திவிட்டு நடந்து வீடு சேர வேண்டிய ஒருவர் உள்ளே தள்ளிப் போகிறார். பூட்டிக் கிடக்கும் கல்ஃப் வீடுகள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. வருகிறவர்கள் முதலில் அவற்றை வாடகைக்குக் கேட்கட்டும்.

அரசும் செய்ய வேண்டியது உண்டு. சென்னை கொளத்தூரில் 2024 நவம்பரில் 'முதல்வர் படைப்பகம்' திறந்தார்கள். சிறு கட்டணத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கும் கூடமும், மாணவர்கள் படிக்கும் கூடமும் அங்கே ஒன்றாக இருக்கின்றன. அதைப்போல ஒன்று தேங்காய்ப்பட்டணத்துக்கோ புதுக்கடைக்கோ ஏன் வரக்கூடாது? ஜெனரேட்டர், இரண்டு வெவ்வேறு இணைய இணைப்பு, பெண்களுக்குத் தனி நேரம் அல்லது தனிப் பகுதி, குழந்தையை விட ஒரு அறை. பட்டத்தைச் சுவரில் மாட்டிய பெண்ணுக்கு அதுதான் தாழ்ப்பாள் உள்ள அறை. அறிவிப்பு மட்டும் போதாது என்பதற்கு இந்தக் கரையிலேயே சாட்சி உண்டு. 1860-இல் தொடங்கி வெட்டிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய் இந்தக் கரையை ஒட்டித்தான் ஓடியது. பூவாறிலிருந்து இரவிபுத்தன்துறை வரையான 11 கிலோமீட்டரை 2016-ஆம் வருடச் சட்டம் தேசிய நீர்வழி எண் 13 என்று அறிவித்திருக்கிறது. சட்டத்தில் நீர்வழி, நேரில் பல இடங்களில் ஆகாயத்தாமரையும் குப்பையும். அந்தக் கதி இந்தக் கோரிக்கைக்கும் வந்துவிடக்கூடாது.

திரும்பி வரும் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். மாடி அறையில் உட்கார்ந்து சம்பாதித்து, இணையத்தில் பொருள் வாங்கி, ஞாயிறு மட்டும் கடற்கரையில் படமெடுத்தால் ஊருக்கு ஒரு ஆள் கூடியதாகக் கணக்கில்லை. கிராமசபைக்குப் போங்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை ஆங்கிலத்தில் வந்தால் தமிழில் எழுதித் துறைக்கு அனுப்புங்கள். துறைமுக வாயில் மணலுக்கு மனு எழுதத் தெரிந்தவர்கள் நீங்கள்தான்.

இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு ஊருக்கு வர நினைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வேலையை விட்டுவிடாதீர்கள், நிலமும் வாங்காதீர்கள். முதலில் ஒரு மாதம் வாடகைக்கு இருங்கள். அந்த மாதம் டிசம்பராக இருக்க வேண்டாம், இடவப்பாதி மழைக்காலமாக இருக்கட்டும். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். தேங்காய்ப்பட்டணத் துறைமுகத்தில் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும், தென்மேற்குப் பருவமழை இடைவிடாமல் பெய்யும், கடல் கரையைத் தின்னும், மட்டை விழுந்து கறண்டு போகும். கொச்சிக்குப் போன ஆண்கள் ஊரில் இருப்பார்கள். அவர்களோடு பேச நேரம் கிடைக்கும். மரச்சீனியும் மீன்கறியும் தின்று, உங்கள் வேலையை அந்த மழையில் முப்பது நாள் செய்து பாருங்கள். முடிவை ஆகஸ்டில் எடுங்கள்.